தெருப்பூனைகளுக்கு வீடு தேடுவது: எதைத் தூக்குவது, எதை விட்டுவைப்பது, யாரிடம் கொடுப்பது

கேள்வி இதுதான்: குடியிருப்பைச் சுற்றி ஆறேழு தெருப்பூனைகள் திரிகின்றன, ஒன்று குட்டி போட்டிருக்கிறது, எல்லாவற்றுக்கும் நல்ல வீடாகப் பார்த்துக் கொடுக்க ஆசை, எங்கிருந்து ஆரம்பிப்பது?

முதல் ஒரு வாரம் எதையும் பிடிக்காதீர்கள். பாருங்கள், அவ்வளவுதான். ஆறேழு பூனை என்றால் அதில் ஒன்றிரண்டு யாரோ வளர்க்கும் பூனையாக இருக்கலாம். ஒன்று வீட்டில் வளர்ந்து வழிதவறியதாகவோ கைவிடப்பட்டதாகவோ இருக்கலாம். மற்றவை தெருவிலேயே பிறந்து, மனிதக் கை படாமலே வளர்ந்தவை. மூன்று வகைக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு. இதைப் பிரிக்காமல் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வருபவர்கள்தான் மூன்றாவது மாதத்தில் ஒரே அறையில் பன்னிரண்டு பூனையோடு திணறுவது.

ஒரு நோட்டு போட்டு, ஒவ்வொரு பூனைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டிலும் படம் எடுங்கள். ஒரே நிறத்தில் இரண்டு பூனை இருந்தால் அப்போதுதான் தெரியும். எந்த நேரத்தில் வருகிறது, காது நுனி வெட்டப்பட்டிருக்கிறதா (கருத்தடை ஆனதன் அடையாளம்), வயிறு எப்படி இருக்கிறது என்று குறியுங்கள். தலை பெருத்து, கன்னம் உப்பியிருந்தால் கருத்தடை செய்யாத கடுவன். மூன்று நிறம் கலந்த பூனை ஏறக்குறைய எப்போதும் பெட்டை. முழு ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் ஐந்தில் நான்கு கடுவனாக இருக்கும். முலைக்காம்புகளைச் சுற்றி முடி உதிர்ந்து சிவந்திருந்தால் எங்கோ குட்டி இருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பூனையைக் குட்டிகளின் இடம் தெரியாமல் பிடித்துவிடாதீர்கள்.

நன்றாகப் பழகும் பூனைக்கு முதலில் சொந்தக்காரர் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். எளிய வழி, காகிதப் பட்டை. இரண்டு சென்டிமீட்டர் அகலக் காகிதத்தில் "இது உங்கள் பூனையா? அழைக்கவும்" என்று எழுதி, எண்ணைப் போட்டு, கழுத்தில் தளர்வாகச் சுற்றி நுனிகளை மட்டும் ஒட்டிவிடுங்கள். எங்காவது மாட்டினால் கிழிந்துவிடும் என்பதால்தான் காகிதம். நூலோ ரிப்பனோ கட்டக்கூடாது. மூன்று நான்கு நாளில் அழைப்பு வராவிட்டால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய், சொந்தக்காரரை அடையாளம் காணத் தோலுக்கு அடியில் போடும் மைக்ரோசிப் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சிப் தோள்பட்டைகளுக்கு நடுவே போடப்படும், ஆனால் நாளாக நாளாக விலாவுக்கோ முன்காலுக்கோ நகர்ந்துவிடுவது உண்டு. அதனால் கருவியை உடல் முழுக்க மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். கழுத்தில் மட்டும் காட்டிவிட்டு "இல்லை" என்று சொன்னால் இன்னொரு முறை கேளுங்கள்.

வழிதவறிய வீட்டுப்பூனைக்கும் தெருவிலேயே வளர்ந்த பூனைக்கும் வித்தியாசம் வாலில் தெரியும். வாலை நட்டு வைத்துக்கொண்டு கிட்டே வருவது, முகம் பார்த்துக் கத்துவது, கண்ணைப் பாதி மூடித் திறப்பது, பகலில் ஆள் நடமாட்டம் உள்ள நேரத்தில் தலைகாட்டுவது எல்லாம் மனிதரோடு வாழ்ந்த பழக்கம். தரையோடு பதுங்கி ஓடுவது, சத்தமே போடாதது, தட்டை வைத்துவிட்டு நீங்கள் முழுசாக மறைந்த பிறகே வருவது தெருவில் வளர்ந்ததன் அடையாளம். ஒரு எச்சரிக்கை: கூண்டுக்குள் வைத்து இதைத் தீர்மானிக்காதீர்கள். மடியில் தூங்கிய பூனைகூடக் கூண்டில் சீறும், அறையும். அமைதியான அறையில் மூன்று நாளாவது விட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

தெருவிலேயே இருக்க வேண்டியவை

வளர்ந்த, மனிதரை அண்டாத பூனையை வீட்டுக்குள் அடைத்தால் அது கட்டிலுக்கு அடியில் ஆயுளைக் கழிக்கும். அதற்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விடுவது. ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடுவது உதவி அல்ல. பூனை தன் இடத்தை மனப்பாடமாக வைத்திருக்கும் விலங்கு. புது இடத்தில் தண்ணீர் எங்கே, நாய் எங்கே, ஒளிய இடம் எங்கே என்று எதுவும் தெரியாமல், பழைய இடத்தைத் தேடிக் கிளம்பி வழியில் அடிபடும். இங்கே காலியான இடத்துக்கோ, சோறு இருக்கும்வரை வேறு பூனை வந்துசேரும்.

கருத்தடையைத் தள்ளிப்போட முடியாததற்குக் காரணம் கணக்கு. பெட்டைக்கு நான்கு மாதத்திலேயே பருவம் வரலாம். சினைக்காலம் ஒன்பது வாரம். குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினை பிடிக்கும். கையில் பணமும் நேரமும் இரண்டு பூனைக்குத்தான் இருக்கிறது என்றால் இரண்டும் பெட்டையாக இருக்கட்டும். ஒரே ஒரு கடுவன் மிஞ்சினாலும் அத்தனை பெட்டையையும் சினையாக்கிவிடும், ஆகவே பாதிக் கடுவன்களுக்குச் செய்வதால் குட்டிகளின் எண்ணிக்கை குறையாது. (கடுவனுக்குச் செய்தால் சண்டையும் மூத்திர நாற்றமும் குறையும். புகார் சொல்லும் அண்டை வீட்டாரைச் சமாதானப்படுத்த அதுவும் உதவும்தான்.) கருத்தடை ஆன கடுவனுக்கும் சில வாரங்கள் வரை விந்து எஞ்சியிருக்கும் என்பதை மறந்து, "ஆபரேஷன் தோற்றுவிட்டது" என்று நினைப்பவர்கள் உண்டு.

பிடிப்பதற்குப் பெட்டிக் கூண்டு வேண்டும். 75 சென்டிமீட்டருக்குக் குறைந்த நீளம் என்றால் கதவு வாலிலோ முதுகிலோ விழும். ஒரு முறை அப்படி அடிபட்டுத் தப்பிய பூனை மறுபடி அந்தக் கூண்டுப் பக்கமே வராது. ஒரு வாரம், பத்து நாள் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் சாப்பாடு வைத்துப் பழக்குங்கள். கடைசி சில நாள் கதவு விழாதபடி கட்டிவைத்த கூண்டுக்குள்ளேயே வையுங்கள். பிடிக்கும் நாளுக்கு முந்தைய 24 மணி நேரம் சாப்பாடு கூடாது, தண்ணீர் இருக்கலாம். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: நீங்கள் நிறுத்துவீர்கள், அடுத்த வீட்டு மொட்டைமாடியில் இன்னொருவர் தட்டு வைத்திருப்பார். சாப்பாடு போடும் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கூண்டுத் தரையில் செய்தித்தாள் விரித்து, காற்றில் படபடக்காதபடி ஒட்டுங்கள். வாசனை தூக்கலான மீனை, பூனை மிதித்ததும் கதவை விழவைக்கும் மிதிபலகைக்கு அப்பால், கடைக்கோடியில் வையுங்கள். வாசலிலிருந்து அதுவரை சொட்டுச் சொட்டாக அதன் சாறு. கதவு விழுந்ததும் கனமான துணியால் முழுக்கப் போர்த்திவிடுங்கள். இருட்டானதும் பூனை அடங்கிவிடும். போர்த்தாவிட்டால் கம்பியில் மோதி மூக்கைக் கிழித்துக்கொள்ளும். கூண்டை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குவது கூடவே கூடாது; வெயில், மழை, எறும்பு, நாய் எதுவும் வரலாம்.

அறுவை சிகிச்சைக்கு முன் வளர்ந்த பூனைக்கு இரவிலிருந்து உணவு நிறுத்துவது வழக்கம். குட்டிகளுக்கு அப்படிச் செய்தால் ரத்தச் சர்க்கரை இறங்கி மயங்கிவிடும். அவற்றுக்குச் சில மணி நேரமே போதும், எத்தனை என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மயக்கத்தில் இருக்கும்போதே ஒரு காதின் நுனியைச் சுமார் ஒரு சென்டிமீட்டர் நேராக வெட்டச் சொல்லுங்கள். பெரும்பாலான இடங்களில் இடது காது. தூரத்திலிருந்தே தெரியும் இந்த அடையாளம் இல்லாவிட்டால் இரண்டு வருடம் கழித்து வேறு யாரோ அதே பெட்டையைப் பிடித்து, மறுபடி வயிற்றைக் கிழித்துப் பார்ப்பார்கள். தையல் தானே கரையும் வகையாக இருக்க வேண்டும் என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும், தையல் பிரிக்க இரண்டாம் முறை அது உங்கள் கைக்கு வராது. கடுவனை 24 மணி நேரம், பெட்டையை 48 மணி நேரம் கூண்டில் வைத்துப் பார்த்து, முழுசாக விழிப்பு வந்து சாப்பிட்டபின் விடுங்கள். பாலூட்டும் தாய்க்கு மட்டும் இந்தக் கணக்கு வேறு. கருத்தடையால் பால் வற்றாது, ஆனால் குட்டிகள் காத்திருக்கின்றன. மயக்கம் நன்றாகத் தெளிந்து, மருத்துவர் சரி என்றதும் விட்டுவிட வேண்டும்.

இப்படித் தெருவில் தங்கும் பூனைக்கு ஒதுங்க ஒரு பெட்டி போதும். மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்க்காமல் அப்படியே வைத்து, ஒரு பக்க ஓரத்தில் 15 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஓட்டை வெட்டுங்கள். அதற்கு மேல் அகலம் நாய் மூக்கை நுழைக்கத்தான் உதவும். ஓட்டையின் அடிவிளிம்பு பெட்டித் தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் இருந்தால் மழைநீர் புகாது. பெட்டியைச் செங்கல் மேல் ஏற்றி, சற்றே சாய்த்து, அடியில் இரண்டு மூன்று வடிகால் துளை. உள்ளே வைக்கோல் போடுங்கள், பழைய போர்வை வேண்டாம். நனைந்த துணி உடல் சூட்டை உறிஞ்சும், பூஞ்சை பிடிக்கும். வைக்கோலில் நீர் வழிந்து இறங்கிவிடும். குளிர் பகுதியென்றால் பெட்டி சின்னதாக இருக்க வேண்டும், இரண்டு பூனை சுருண்டு படுக்கும் அளவு, சுவரில் தெர்மோகோல். பெரிய பெட்டியைப் பூனையின் உடல் சூடு நிரப்பாது. வெயில் பகுதியென்றால் சூடு அடைக்காதபடி எதிரெதிரே காற்றுத் துளை, முழு நிழல், இரண்டு மூன்று இடத்தில் தண்ணீர்.

சாப்பாட்டைத் தூங்கும் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பகலில், குறித்த நேரத்தில் வைத்து, அரை மணியில் தட்டை எடுத்துக் கழுவிவிடுங்கள். அண்டை வீட்டார் சண்டைக்கு வருவது பெரும்பாலும் மிச்சச் சோற்றுக்கும் அதன் எலிக்கும் ஈக்கும்தான். எறும்புக்கு, தட்டைத் தண்ணீர் ஊற்றிய பெரிய தட்டின் நடுவில் வைத்தால் போதும். ஒதுக்குப்புறத்தில் ஒரு பெரிய மணல்தொட்டி வைத்துத் தினமும் அள்ளிவிட்டால் பூந்தொட்டிகளைத் தோண்டுவது குறையும்.

குட்டிகள்

தனியாகக் கிடக்கும் குட்டியைப் பார்த்ததும் தூக்குவதுதான் மிகப் பொதுவான தவறு. தாய் இரை தேடிப் பல மணி நேரம் போயிருக்கும். பூனை ஏழு வீடு மாற்றும் என்று சொல்வது சும்மா இல்லை. ஒவ்வொரு குட்டியாகக் கவ்விக்கொண்டு போகும்போது நடுவழியில் நீங்கள் பார்க்கும் குட்டி அநாதை அல்ல. குட்டி சூடாக, வயிறு உருண்டு, அமைதியாகத் தூங்கினால் தாய் வந்து போகிறது. சந்தேகமாக இருந்தால் சுற்றிலும் கொஞ்சம் மாவைத் தூவிவிட்டு விலகிப் போய்விடுங்கள். சில மணி நேரம் கழித்துக் காலடித் தடம் இருந்தால் விஷயம் முடிந்தது. பக்கத்தில் நின்று காவல் காத்தால் தாய் வராது. உடல் சில்லிட்டுப்போவது, விடாமல் கத்துவது, எறும்போ ஈயோ மொய்ப்பது, தண்ணீர் ஏறுவது, நாய் நடமாட்டம் ஆகியவற்றில் ஒன்று இருந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது.

தாய் பழகும் பூனையென்றால் தாயையும் குட்டிகளையும் சேர்த்தே உள்ளே எடுங்கள். நீங்கள் புட்டியில் கொடுக்கும் எந்தப் பாலும் தாயின் வேலையைச் செய்யாது. தாய் அண்டாத பூனையென்றால் குட்டிகள் திட உணவு தின்னத் தொடங்கும்வரை, அதாவது ஐந்து வாரம்போல, அங்கேயே விட்டு அருகில் தாய்க்கு நிறையச் சாப்பாடு வையுங்கள். பிறகு குட்டிகளை எடுத்து, தாய்க்குக் கருத்தடை. ஐந்து வாரத்தைத் தாண்டி இழுத்தடித்தாலும் சிக்கல், ஏன் என்று கீழே வருகிறது.

வயதைக் கணிப்பது கஷ்டமில்லை. தொப்புள்கொடி ஒட்டியிருந்தால் ஐந்து நாளுக்குள். கண் எட்டாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள் திறக்கும். மூன்றாம் வாரத்தில் காது நிமிர்ந்து, முன்பல் எட்டிப்பார்த்து, தள்ளாடி நடக்கும். நான்காம் வாரத்தில் கோரைப்பல். கண்ணின் நீலம் ஆறு, ஏழு வாரத்தில் மாறத் தொடங்கும். எடையை வைத்தும் சொல்லலாம்: பிறந்ததும் 100 கிராம்போல, ஒரு மாதத்தில் 450, இரண்டு மாதத்தில் 900 முதல் ஒரு கிலோ.

தாயில்லாத, பால் குடிக்கும் குட்டி கைக்கு வந்தால் முதல் வேலை பால் அல்ல, சூடு. சில்லிட்ட குட்டியின் குடல் வேலை செய்யாது. அதற்குப் பால் கொடுத்தால் உள்ளேயே புளித்துக் குட்டி சாகும், அல்லது விழுங்க முடியாமல் நுரையீரலுக்குப் போகும். வெந்நீர்ப் புட்டியைத் துண்டில் சுற்றி, பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வைத்து, ஒரு மணி இரண்டு மணி நேரத்தில் மெதுவாகச் சூடேற்றுங்கள். மறுபாதி சூடில்லாமல் இருக்க வேண்டும், அதிகமானால் குட்டி தானே நகர்ந்து தப்பிக்க. முதல் வாரத்தில் பெட்டிக்குள் 30 முதல் 32 டிகிரி செல்சியஸ். நான்காம் வாரத்துக்குள் படிப்படியாக 27 வரை இறக்கலாம். துவண்டு கிடந்தால் ஈறில் சர்க்கரைப் பாகு ஒரு சொட்டு தடவிக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள்.

பால் என்றால் பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால்பொடி. பசும்பாலில் பூனைப்பாலைவிடப் புரதமும் கொழுப்பும் குறைவு, லாக்டோஸ் அதிகம். வயிற்றுப்போக்கு பிடித்தால் இவ்வளவு சிறிய உடல் ஒரே நாளில் வற்றிப்போகும். ஒரு வேளைக்கு, உடல் எடையில் ஒவ்வொரு 100 கிராமுக்கும் 4 மில்லிபோல. வயிறு கொள்வது அவ்வளவுதான். முதல் வாரம் இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை, இரவிலும். மூன்றாம் வாரத்தில் நான்கு மணிக்கு ஒரு முறை. மணிக்கட்டில் விட்டால் இளஞ்சூடாக உணர வேண்டும். குழந்தையைப் போல மல்லாக்கப் பிடித்துக் கொடுக்கவே கூடாது. வயிறு தரையில் படிய, தலை சற்றே நிமிர்ந்து, தாயிடம் குடிக்கும் அதே நிலையில் பிடியுங்கள். ரப்பர் காம்பில் ஓட்டை பெரிதானாலும் பால் மூக்கில் ஏறும். மூக்கில் குமிழ் வந்தால் உடனே நிறுத்தித் தலையைக் கீழ்ப்பக்கம் சாய்த்துத் துடையுங்கள். ஒவ்வொரு முறை குடித்ததும் வெதுவெதுப்பான ஈரப்பஞ்சால் பின்புறத்தை மெதுவாகத் தட்டித் தடவினால்தான் மூன்று வாரம் வரை மூத்திரமும் மலமும் போகும். சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை போடுங்கள். நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். ஒரு நாள் ஏறவில்லையென்றால், குட்டி பார்க்கச் சுறுசுறுப்பாக இருந்தாலும், மருத்துவர். வெளியே தெரிவதற்கு முன் தராசு சொல்லிவிடும்.

குட்டி மனிதரை நம்பக் கற்கும் காலம் இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை, கூடினால் ஒன்பது. எட்டு வாரக் குட்டி ஒன்றிரண்டு வார முயற்சியில் மடிக்கு வரும். நான்கு மாதம் ஆனதற்கு மாதக்கணக்கில் ஆகும், சிலது வரவே வராது. பெரிய அறையில் அவிழ்த்துவிடாதீர்கள். அலமாரிக்குப் பின்னால் போனால் அத்தனை நாளும் வீண். பெரிய கூண்டிலோ குளியலறையிலோ வைத்து, நல்ல சாப்பாடு எப்போதும் உங்கள் கையோடுதான் வரும் என்று ஆக்குங்கள். முதலில் நீளக் கரண்டி, அடுத்து விரல் நுனி, பிறகு மடி. ஒரே ஆளிடம் மட்டும் பழகிய குட்டி புது வீட்டில் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஆண், பெண், சிறுவர் என நாலு பேர் குரலும் கையும் படட்டும்.

கொடுப்பதற்கு முன் வீட்டில் வைத்திருக்கும் காலம்

உள்ளே எடுத்த எந்தப் பூனையையும் ஏற்கெனவே இருக்கும் பூனைகளிடமிருந்து 14 நாள் தனி அறையில் வையுங்கள். காரணம் பேன்லூக்கோபீனியா. வாந்தி, வயிற்றுப்போக்கு, திடீர்ச் சோர்வு என்று தொடங்கிக் குட்டிகளை வரிசையாகக் கொல்லும் இந்த வைரஸ் அறையில் ஒரு வருடம்கூட உயிரோடு இருக்கும். சாதாரணச் சோப்பும் பினாயிலும் அதை ஒன்றும் செய்யாது. பினாயில் பூனைக்கே விஷம் என்பது வேறு. அழுக்கை முதலில் கழுவிவிட்டு, ஒரு பங்கு வீட்டு பிளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் ஈரமாக ஊறவிட வேண்டும். அழுக்கின் மேலேயே ஊற்றினால் பிளீச் செயலிழந்துவிடும். அந்த அறைக்கென்று தனிச் செருப்பு, தனித் தட்டு, தனி மேலங்கி.

தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை 16 வாரம் வரை. ஒரே ஊசியோடு நிறுத்தினால் போதாது, ஏனெனில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் ஊசியை முறியடிக்கும், அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். வெறிநோய் ஊசி 12 வாரத்தில். குடற்புழு மருந்து இரண்டாம் வாரத்திலிருந்தே, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, எடை பார்த்து. மலவாயைச் சுற்றி அரிசி மணி போல ஒட்டியிருந்தால் நாடாப்புழு. அது தெள்ளுப்பூச்சியால் வருவது, தெள்ளை ஒழிக்காமல் மருந்து மட்டும் கொடுத்தால் திரும்ப வரும். சின்னக் குட்டியில் தெள்ளு ரத்தசோகையில் கொண்டுபோய் விடும், ஈறு வெளுத்திருக்கிறதா பாருங்கள். நாய்க்கான தெள்ளு மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள்: அவற்றில் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனையைக் கொல்லும். காய்ச்சலுக்கென்று பாரசிட்டமால் கொடுப்பதும் அப்படியே, சிறு துண்டே போதும்.

வட்டமாக முடி கொட்டியிருந்தால் படர்தாமரை. தொற்றி வெளியே தெரிய மூன்று வாரம் வரை ஆகும், மனிதருக்கும் தொற்றும். வந்த மறுநாளே குட்டியைக் கொடுத்தால், வாங்கிய வீட்டுக் குழந்தைக்குப் படர்தாமரை வந்து, குட்டி திரும்பி வரும். பூனையின் நோய் எதிர்ப்பு சக்தியைக் குலைக்கும் எஃப்ஐவி, எஃப்இஎல்வி என்ற இரண்டு வைரஸ்களுக்கும் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. எஃப்ஐவி முக்கியமாக ஆழமான கடியால் பரவுவது. சண்டை போடாத, வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனை அதோடு பல வருடம் வாழும், மனிதருக்குத் தொற்றாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு எஃப்ஐவி இருக்கிறது என்று முடிவு வந்தால் அது தாயின் எதிர்ப்பொருளாக இருக்கலாம், வளர்ந்தபின் மறுபடி பாருங்கள்.

உங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். பூனைக் கடி சிறு துளையாகத் தெரியும், ஆனால் ஊசி போன்ற பல் கிருமியை ஆழத்தில் செலுத்தி மூடிவிடும். ஒரே நாளில் கை வீங்கும். கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் போங்கள், வெறிநோய்த் தடுப்பூசி குறித்து அவர் முடிவு செய்வார். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பூனையை வெளியேற்றத் தேவையில்லை. மலத்திலுள்ள, கருவைப் பாதிக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும், ஆகவே வேறொருவர் தினமும் மணல் தட்டை அள்ளிவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறையும்.

ஒரே நேரத்தில் எத்தனை பூனையை வைத்துக்கொள்வது என்பதை மனசு தீர்மானிக்கக் கூடாது, தனி அறைகளின் எண்ணிக்கைதான் தீர்மானிக்க வேண்டும். ஓர் அறை என்றால் ஒரு பூனை, அல்லது ஒரு தாயின் குட்டிகள். அது போனபிறகே அடுத்தது. நெருக்கடியில் பூனைக்கு வரும் முதல் நோய் சளியும் கண்ணீரும். மன அழுத்தத்தில், உடலில் ஒளிந்திருக்கும் பழைய ஹெர்பிஸ் வைரஸ் தலைதூக்கும். காப்பகத்தில் சேர்ப்பதானாலும் இதையே கேளுங்கள்: புதிதாக வருவதைத் தனியாக வைக்கிறார்களா, வந்த அன்றே தடுப்பூசி போடுகிறார்களா, இடமில்லையென்றால் என்ன செய்வார்கள்? கடைசிக் கேள்விக்கு நேரான பதில் வராத இடத்தில் விடாதீர்கள்.

வீடு தேடுவது

எட்டு வாரத்துக்கு முன் குட்டியைக் கொடுக்காதீர்கள். எட்டு வாரமும் ஒரு கிலோ எடையும் ஆனதும் கருத்தடை செய்யலாம் என்பதால் அதை முடித்தே கொடுப்பது உத்தமம். "வளர்ந்ததும் நாங்களே செய்துகொள்கிறோம்" என்ற வாக்கு பெரும்பாலும் முதல் பிரசவத்தில்தான் நினைவுக்கு வரும்.

படம் பூனையின் கண் மட்டத்தில், ஜன்னல் வெளிச்சத்தில். கறுப்புப் பூனைக்குப் பின்னால் வெளிர்நிறத் துணி, இல்லாவிட்டால் இரண்டு கண் மட்டும்தான் தெரியும். ஒரு படத்தில் மனிதக் கையோ மடியோ இருக்கட்டும். எழுதும்போது "பாவம், காப்பாற்றுங்கள்" என்ற தொனி வேண்டாம். இரக்கத்தில் எடுத்தவர் இரண்டே வாரத்தில் அலுத்துப்போவார். வயது, கடுவனா பெட்டையா, போட்ட ஊசிகள், மணல் தட்டுப் பழக்கம், குறை எல்லாவற்றையும் சொல்லுங்கள். "தூக்கினால் பிடிக்காது, பக்கத்தில் படுக்கப் பிடிக்கும்" என்ற ஒரு வரி பத்துப் புகழ்ச்சிக்குச் சமம், அப்படிப்பட்ட பூனையைத் தேடுபவர் அதைப் படித்துத்தான் வருவார்.

அழைப்பவரிடம் தேர்வு நடத்துவது போலக் கேட்காமல் பேச்சுவாக்கில் தெரிந்துகொள்ள வேண்டியவை: வாடகை வீடா, உரிமையாளருக்குத் தெரியுமா, வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா, இதற்கு முன் வளர்த்த பூனை என்னவாயிற்று, ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள், ஜன்னலுக்கும் பால்கனிக்கும் வலை உண்டா. மாடியிலிருந்து பூனை விழாது என்பது கட்டுக்கதை. பறவையைப் பார்த்துப் பாயும்போது விழும், தாடையும் நெஞ்சும் நொறுங்கும். முன்பு வளர்த்த பூனை "காணாமல் போய்விட்டது" என்ற பதில் இரண்டு முறை வந்தால் எனக்கு அங்கே கொடுக்க மனம் வராது. மதில்மேல் பூனையாக யோசிப்பவரை வற்புறுத்தாதீர்கள், ஒரு வாரம் கழித்து அவரே கேட்கட்டும். நாள் முழுக்க யாரும் இல்லாத வீட்டுக்கு ஒற்றைக் குட்டியைவிட உடன்பிறந்த இரண்டைக் கொடுங்கள். ஒற்றைக் குட்டி விளையாட்டுக்கு மனிதக் கையைத்தான் கடிக்கும். இரண்டு இருந்தால் ஒன்றையொன்று கடித்து, எவ்வளவு வலிக்கும் என்று கற்றுக்கொள்ளும்.

முடிந்தவரை நீங்களே கொண்டுபோய் விடுங்கள். பூனைப்பெட்டியில்தான், பையிலோ கையிலோ அல்ல. ஒப்படைக்கும் அந்த நிமிடம்தான் பூனை அதிகம் தப்பி ஓடுவது. ஓர் அறையில், கதவைச் சாத்தியபின் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். முதல் சில நாள் அந்த ஓர் அறை மட்டும் போதும்: ஒளிய ஒரு அட்டைப்பெட்டி, ஒரு மூலையில் மணல் தட்டு, எதிர் மூலையில் சாப்பாடு. உங்கள் வீட்டில் அது படுத்த துணியையும், பழகிய மணலில் கொஞ்சமும் கொடுத்தனுப்பினால் தட்டைத் தேடி அலையாது. இரண்டு மூன்று நாள் கட்டிலுக்கு அடியில் இருப்பது இயல்பு, இழுத்து எடுக்கக் கூடாது. ஆனால் வளர்ந்த பூனை இரண்டு நாளைத் தாண்டி எதையுமே தின்னாவிட்டால் அது கூச்சம் என்று விடக்கூடாது. பட்டினியில் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து, குண்டுப் பூனைகளுக்கு உயிருக்கே ஆபத்தாகும்.

ஏற்கெனவே பூனை இருக்கும் வீடென்றால் முதல் வாரம் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே கூடாது. படுக்கைத் துணியை மாற்றிப் போட்டு வாசனையைப் பழக்கி, மூடிய கதவின் இருபுறமும் சாப்பாடு வைத்து, பிறகு கதவிடுக்கு வழியாகப் பார்க்கவிட்டு, அப்புறம்தான் ஒரே அறை. "சண்டை போட்டுச் சரியாகட்டும்" என்று முதல் நாளே விட்டால் அந்தப் பகை மாதக்கணக்கில் நீடிக்கும். மணல் தட்டு பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக, வெவ்வேறு இடத்தில்.

தப்பிவிட்டால்? புது வீட்டிலிருந்து ஓடிய பூனை பெரும்பாலும் தூரம் போகாது. நாலைந்து வீட்டுக்குள், வாகனத்தின் அடியிலோ படிக்கட்டின் கீழோ சத்தம் காட்டாமல் பதுங்கியிருக்கும். கூப்பிட்டாலும் பதில் வராது, பயத்தில் வாயே திறக்காது. நள்ளிரவுக்குமேல், தெரு அடங்கியதும், டார்ச்சைக் கண் மட்டத்தில் பிடித்துத் தாழ்வான இடுக்குகளைப் பாருங்கள், கண்கள் மின்னும். துரத்தாதீர்கள். அதே பெட்டிக் கூண்டை அங்கேயே வையுங்கள்.

எழுத்தில் ஒரு நிபந்தனை மட்டும் கட்டாயம் வாங்குங்கள்: எந்தக் காரணத்தால் வைத்துக்கொள்ள முடியாமல் போனாலும் பூனை உங்களிடமே திரும்ப வர வேண்டும், வேறு யாருக்கும் கைமாறக் கூடாது. மூன்றாம் நாளும் மூன்றாம் வாரமும் நீங்களே அழைத்து, "எப்படி இருக்கிறது" என்று பொதுவாகக் கேட்காமல், சாப்பிடுகிறதா, தட்டில் போகிறதா, இரவு எங்கே படுக்கிறது என்று கேளுங்கள். சிக்கல் இருந்தால் இந்த மூன்றில் ஒன்றின் பதிலில் வெளிவந்துவிடும். திரும்பி வந்த பூனையைக் குறைப்பட்டதாக நினைக்க வேண்டாம்: குழந்தைகளைக் கண்டு பயந்ததா, இன்னொரு பூனையைத் தாங்கவில்லையா, இரவில் கத்தியதா என்று விசாரித்து, அடுத்த விளம்பரத்தின் இரண்டாவது வரியில் அதை எழுதிவிடுங்கள்.